கிற்றார் அம்ப் வேலை செய்யவில்லையா? வன்னியில் வீட்டிலேயே திருத்தத் தொடங்குவோருக்கு

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் கிற்றார் பழகுகிற பிள்ளைகளின் வீட்டுக்குப் போனால், கட்டிலுக்குக் கீழேயோ அலுமாரிக்கு மேலேயோ ஒரு சின்ன அம்ப் (கிற்றாரின் சத்தத்தைப் பெருப்பிக்கிற பெட்டி) தூசி பிடித்துக் கிடக்கும். கேட்டால், “அது செத்துப்போச்சு அண்ணை” என்பார்கள். திருத்தக் கேட்டு என்னிடம் வருகிற அப்படியான அம்புகளில் பெரும்பாலானவை சாகவில்லை. ஐசி (பல பாகங்களை ஒன்றாக அடக்கிய சில்லு) வெடித்து, ரான்ஸ்போமர் கருகி வருபவை குறைவுதான். முதலில் பழுதாவது கைபடுகிற இடங்கள்: வயர் குத்துகிற ஜாக், திருகுகிற வொலியூம், ஹெட்போன் ஓட்டை, இவற்றை உள்ளே இருக்கிற போட்டோடு (மின்சுற்றுப் பலகையோடு) பிடித்திருக்கும் ஈயப் பொட்டுகள். இவற்றைத் திருத்தப் பெரிய படிப்பு தேவையில்லை. ஓ.எல் விஞ்ஞானத்தில் மின்சுற்றுப் பாடம் விளங்கியிருந்தால் போதும். பாதுகாப்புப் பற்றிச் சொல்வதை மட்டும் ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.

எந்த அம்பைத் திறக்கலாம்

ஐசியிலோ ரான்சிஸ்ரரிலோ ஓடுகிற, 10 முதல் 40 வாட்ஸ் வரையான பயிற்சி அம்புகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். எங்கள் பக்கம் இருப்பவற்றில் அநேகமானவை இந்த வகை. தூக்கினால் ஒரு பக்கம் பாரமாக இருக்கும், அது ரான்ஸ்போமர். சுவரில் வருகிற 230 வோல்ற்றை 20, 30 வோல்ற் அளவுக்கு அது இறக்கிவிடுவதால், அதற்கு அப்பால் உள்ள போட்டில் புதியவர் கவனமாக வேலை செய்யலாம்.

வால்வு அம்ப் வேறு. பின்னால் கண்ணாடிக் குழாய்கள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தால் அது வால்வு அம்ப். உள்ளே 300 முதல் 500 வோல்ற் வரை டிசி இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கப்பாசிற்றருக்குள், அதாவது மின்னைத் தேக்கி வைக்கிற பாகத்துக்குள், தங்கி நிற்கும். புதியவர் அதைத் திறக்கக் கூடாது. தூக்கினால் பாரமே தெரியாத புதுக் காலத்து அம்புகளிலும் அவதானம் தேவை. அவற்றில் பெரிய ரான்ஸ்போமர் இல்லை. 230 வோல்ற் ஏசியை நேரே கிட்டத்தட்ட 325 வோல்ற் டிசியாக மாற்றுகிற பவர் போட் இருக்கும். அந்தப் போட்டிலும் கை வைக்காதீர்கள்.

உயிரைக் காக்கிற விஷயங்கள்

இரைச்சல் வருகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கில் ஏர்த் வயரை வெட்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கோயில் திருவிழாக்களில், ஜெனரேற்றரில் ஓடுகிற மேடைகளில் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கிற்றாரின் கம்பிகள் அம்பின் உடலோடும், அதன் வழியாக ஏர்த்தோடும் இணைந்திருக்கின்றன. ஏர்த் இல்லாத அம்புக்குள் லைவ் வயர் உரசினால் கம்பி முழுவதும் 230 வோல்ற் நிற்கும். ஒரு கையில் கிற்றாரைப் பிடித்துக்கொண்டு உதடு மைக்கில் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். ஸ்கொட்லாந்துக் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் சுவான்சி நகர மேடையில், சரியாக ஏர்த் செய்யாத மைக்கைத் தொட்டு இறந்தார். பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டிலேயே, ஏர்த் சரியில்லாத கிற்றாரால் இறந்தார். இருவரும் மின்சாரத்துக்குப் புதியவர்கள் இல்லை.

மெயினில் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் இருந்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் அது விழும். ஒரு கை லைவிலும் மறு கை நியூற்றலிலும் பட்டால் அதற்குத் தெரியவே தெரியாது.

திறக்கும் முன் பிளக்கைக் கழற்றி, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். சுவிச்சை அணைப்பது போதாது. யாராவது சின்னப் பிள்ளை வந்து போட்டுவிடும். காலில் காய்ந்த செருப்பு, காய்ந்த நிலம், வீட்டில் இன்னொரு ஆள். மோதிரம், கைச்சங்கிலி, கோயில் நூலில் கோத்த உலோகத் தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

திறந்தவுடன் பெரிய கப்பாசிற்றர்களை இறக்க வேண்டும். போத்தல் மூடி அளவு வட்டமாக, 2200 அல்லது 4700 என்று இலக்கம் போட்டு நிற்பவை அவை. சிலர் திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவார்கள். அது கப்பாசிற்றரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. 1 கிலோ ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்ரர் ஒன்றின் இரு காலிலும் உறை போட்ட வயர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கப்பாசிற்றரின் இரு காலுக்கும் குறுக்கே அரை நிமிடம் பிடித்தால் இறங்கிவிடும். பிறகு மீற்றரை வைத்து 1 வோல்ற்றுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் விரல்.

திறக்காமலே பாதிப் பழுதைக் கண்டுபிடிக்கலாம்

இந்தப் பகுதியைப் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் வேலையாகத் திருப்புளியை எடுக்காதீர்கள்.

வேறு வயர், வேறு கிற்றார், வேறு பிளக் பொயின்ற், இந்த மூன்றையும் மாற்றிப் பாருங்கள். கிற்றார் வயரில் பழுது வருவது சர்வ சாதாரணம். பிளக்கின் கழுத்தில் உள்ளே முறிந்திருக்கும், வெளியே தெரியாது. வயரை ஆட்டும்போது கரகரத்தால் காரணம் அதுதான்.

அப்புறம் ஹெட்போன் ஜாக். ஹெட்போன் குத்தினால் ஸ்பீக்கரை வெட்டிவிடுகிற ஒரு சின்னத் தகடு அதற்குள் இருக்கிறது. அந்தத் தகடு துருப்பிடித்தால், ஹெட்போன் இல்லாத நேரத்திலும் இருப்பதாகவே அம்ப் நினைத்துக்கொள்ளும். ஸ்பீக்கரில் சத்தமே வராது. ஹெட்போனில் நல்லாக் கேட்கும். அம்பை அணைத்துவிட்டு, ஹெட்போன் பிளக்கைப் பத்துப் பதினைந்து தடவை உள்ளே வெளியே குத்தி எடுங்கள். அதோடு பாட்டு வந்துவிட்ட அம்புகள் நிறைய உண்டு. வந்துவிட்டாலும், பிறகு கொண்டாக்ட் கிளீனர் (மின் தொடுப்புகளைத் துப்புரவாக்குகிற ஸ்பிரே) அடித்து முறையாகத் துப்புரவாக்குங்கள்.

அம்பின் பின்னால் ‘சென்ட்’, ‘ரிற்றேன்’ என்று இரண்டு ஓட்டைகள் இருந்தால் அதுவும் அதே கதைதான். ஒரு சின்ன வயரை எடுத்து இரண்டையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் ரிற்றேன் ஜாக்கின் தகடு அழுக்காகிவிட்டது.

இனி அம்பை மனத்தால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்பாதி, கிற்றாரின் மெல்லிய சிக்னலை வாங்கி, ரோன் கொடுத்து அனுப்புகிறது. பின்பாதி, அதைப் பெருப்பித்து ஸ்பீக்கரைத் தள்ளுகிறது. போனில் பாட்டுப் போடுவதற்கான ‘ஆக்ஸ்’ ஓட்டை இருந்தால் போனை அதில் குத்துங்கள். பாட்டு நல்லாக் கேட்டு, கிற்றார் மட்டும் கேட்காவிட்டால், பின்பாதி, ஸ்பீக்கர், பவர் மூன்றும் நலம், பழுது முன்பாதியில். ஆக்ஸ் இல்லையென்றால் கிற்றாரை ரிற்றேனில் குத்தி வாசியுங்கள். சத்தம் மெலிதாக, உயிரில்லாமல் வரும். பரவாயில்லை, வந்தால் பின்பாதி நலம் என்றுதான் பொருள். இப்படிப் பிரித்துப் பார்க்காமல் போட்டில் இருக்கிற ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாற்றுகிறவர்கள், ஒரு பழுதோடு வந்த அம்பை மூன்று பழுதோடு திருப்பிக் கொடுக்கிறார்கள்.

என்னென்ன வேண்டும்

கையிலே பிடிக்கிற சாதாரண மஞ்சள் மல்ரிமீற்றர் போதும். பீப் அடித்து இணைப்புச் சொல்கிற வசதி இருந்தால் நல்லது. 25 முதல் 40 வாட்ஸ் சோல்டர் அயன், உள்ளே பிளக்ஸ் உள்ள 60/40 ஈயம், ஈயம் உறிஞ்சுகிற பம்ப், கொண்டாக்ட் கிளீனர், பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு ரோச். ஈயத்தில் வேலை செய்த கையைக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள். புகையை நேரே முகர வேண்டாம். ஜன்னல் பக்கம் இருங்கள்.

பாகங்கள் கிளிநொச்சி, வவுனியா இலத்திரனியல் கடைகளில் ஓரளவு கிடைக்கும். இல்லாதவற்றை யாழ்ப்பாணத்திலிருந்தோ, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்தோ பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லலாம். பழைய ரிவி, டிவிடி பிளேயர் போட்டுகளை எறியாதீர்கள். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நம்முடைய மூத்தவர்கள். இருக்கிற பாகத்தை வைத்து ஓடவைப்பது இந்த மண்ணுக்குத் தெரிந்த வேலை. ஆனால் ஒன்று: பழைய போட்டிலிருந்து ரெசிஸ்ரர், டயோட், ஜாக், வயர் எடுக்கலாம். பழைய பெரிய கப்பாசிற்றரை எடுத்துப் போடாதீர்கள். அது ஏற்கனவே பாதி காய்ந்தது.

இன்புட் ஜாக்: முதலில் பார்க்க வேண்டிய இடம்

முன்பாதியில்தான் பழுது என்று தெரிந்தால், பத்தில் ஏழெட்டுத் தடவை இங்கேதான். கிற்றார் வயரில் யாராவது கால் தடக்கினால் அந்த இழுவை முழுவதும் ஜாக்குக்குப் போகும். பிளாஸ்டிக் ஜாக் என்றால் அதைப் பிடித்திருப்பது போட்டில் உள்ள நாலைந்து ஈயப் பொட்டுகள் மட்டுமே.

போட்டை வெளியே எடுத்து, ஈயப் பக்கத்தைத் திருப்பி, ரோச்சை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நல்ல பொட்டு மினுங்கும். பாகத்தின் காலோடு வழிந்து ஒட்டியிருக்கும். வெடித்த பொட்டில், காலைச் சுற்றி மயிர் அளவில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். நேர் வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாது. சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். சந்தேகம் என்றால் மரக் குச்சியால் ஜாக்கின் காலை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், ஈயம் நிற்கக் கால் மட்டும் அசையும்.

முழங்காவில் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுவின் அம்ப் ஒன்று அப்படித்தான் வந்தது. “தம்பி, பாதிப் பாட்டில நிண்டுபோகுது, தட்டினா வருது” என்று கொண்டுவந்த ஐயா சொன்னார். தட்டினால் வருகிறது என்ற அந்த ஒரு சொல்லே பழுதைச் சொல்லிவிட்டது. ஜாக்கின் ஏர்த் காலில் கறுப்பு வளையம் முழு வட்டமாக ஓடியிருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டி, புதிய ஈயம் வைத்ததோடு சரியாகிவிட்டது.

ஈயம் வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அயன் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, காலும் செம்புத் தடமும் சேர்கிற இடத்தில் இரண்டிலும் படும்படி வையுங்கள். இரண்டு விநாடி சூடேறட்டும். பிறகு ஈயத்தை அயனில் வைக்காமல் காலில் வையுங்கள். தானாக உருகிப் பரவும். ஈயத்தை எடுத்து, பிறகு அயனை எடுத்து, ஊதாமல் ஆடாமல் ஆறவிடுங்கள். சிறிய மலை மாதிரி வழிந்து நின்றால் நல்லது. உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை; மீண்டும் சூடாக்குங்கள். ஐந்து விநாடிக்கு மேல் அயனை ஓரிடத்தில் வைத்திருந்தால் செம்புத் தடம் போட்டிலிருந்து உரிந்துவிடும்.

வொலியூம் திருகும்போது கரகரத்தால், திருகியின் உடலில் உள்ள சிறு இடைவெளியில் கொண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, முழு வட்டமாக இருபது முப்பது தடவை திருப்புங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். பெற்றோல் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

லைற்றே எரியவில்லை என்றால்

பியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 20 மில்லிமீற்றர் நீளக் கண்ணாடி பியூஸ். பவர் வயர் போகிற இடத்திலோ போட்டிலோ இருக்கும். உலோக மூடியில் T1A என்று இருந்தால் மெதுவாக உருகுகிற 1 அம்பியர், F என்று தொடங்கினால் உடனே உருகுவது. எது இருந்ததோ அதையே போடுங்கள். சிகரெட் பெட்டி வெள்ளித்தாள், வயர் இழை இவற்றைச் சுற்றிப் போடுவது வீட்டுக்கு நெருப்பு வைக்கிற வேலை.

பழைய பியூஸ் சொல்வதையும் கேளுங்கள். உள்ளே இழை மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், பழசாகியோ மின் ஏற்ற இறக்கத்திலோ போயிருக்கலாம். கண்ணாடி கறுத்து வெள்ளி பூசியதுபோல இருந்தால் உள்ளே பலத்த ஷோட் (மின்சாரம் குறுக்கு வழியில் பாய்கிற பழுது) இருக்கிறது. புதிய பியூஸும் உடனே போகும்.

இந்த நேரத்துக்கு ஒரு பாதுகாப்பு வழி இருக்கிறது. அம்புக்குப் போகும் லைவ் வயருக்கு இடையில் பழைய 60 வாட்ஸ் இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்த எக்ஸ்ரென்ஷன் போட். எல்ஈடி குமிழ் சரிவராது. அதை வயரிங் தெரிந்த ஒருவரிடம் உறையோடு செய்து வாங்குங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு அம்பை அதில் குத்திப் போட்டால், குமிழ் ஒரு கணம் எரிந்து மங்கினால் ஷோட் இல்லை. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷோட். அம்ப் எரியாமல் குமிழே எரிகிறது என்பதால் மேலதிக சேதம் வராது.

ஷோட் என்றால் பிளக்கைக் கழற்றி, கப்பாசிற்றர்களை இறக்கி, மீற்றரை டயோட் அடையாளத்தில் வைத்து, ரான்ஸ்போமருக்கு அடுத்துள்ள நாலு டயோட்டுகளைப் பாருங்கள். நல்லது ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும், மறு பக்கம் காட்டாது. இரண்டு பக்கமும் பூச்சியம் கிட்ட வந்தால் போய்விட்டது. டயோட்டுகள் நலமென்றால் சந்தேகம் பவர் ஐசிக்கு.

‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்

வொலியூமைப் பூச்சியத்துக்குக் குறையுங்கள். இரைச்சலும் போய்விட்டால் அது கிற்றாரிலிருந்தோ வயரிலிருந்தோ இன்புட் ஜாக்கின் ஏர்த் காலிலிருந்தோ வருகிறது. கிற்றாரோடு திரும்பி நின்றால் கூடிக் குறைகிறதா? அப்படியென்றால் கிற்றாரின் பிக்கப் (கம்பிகளுக்குக் கீழே உள்ள காந்தச் சுருள்), வீட்டு அறையில் உள்ள மின்காந்தத்தைப் பிடிக்கிறது, அம்பில் பிழை இல்லை.

பூச்சியத்திலும் அதே இரைச்சல் நின்றால் பெரிய கப்பாசிற்றர்கள்தான். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டயோட்டுகளைத் தாண்டியபின் அது 100 ஹேர்ட்ஸ் அலையாகிறது. அந்த அலையைச் சமப்படுத்துகிற கப்பாசிற்றர் காய்ந்துபோனால் 100 ஹேர்ட்ஸ் நேரே ஸ்பீக்கரில் கேட்கும். வன்னி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே இவை சீக்கிரம் காயும். மேல்மூடி வீங்கியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதே மைக்ரோஃபரட், அதே வோல்ற் அல்லது கூட, 105 பாகை என்று அச்சடித்தது வாங்குங்கள். பக்கத்தில் கோடு போட்ட கால் மறை (−) முனை. மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

கவனம்: இரைச்சல் மிகப் பலமாக, ஸ்பீக்கர் கடதாசி முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி அப்படியே நின்றால் உடனே அணையுங்கள். பவர் ஐசி செத்து, டிசி நேரே ஸ்பீக்கருக்குப் போகிறது. சில விநாடியில் சுருள் கருகும்.

ஸ்பீக்கரும் பவர் ஐசியும்

ஸ்பீக்கரின் ஒரு வயரைக் கழற்றி மீற்றரால் அளந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. ஒரு 1.5 வோல்ற் பற்றரியைத் தொட்டு எடுத்தால் நல்ல ஸ்பீக்கர் ‘டப்’ என்று சொல்லும்.

சின்ன அம்புகளில் TDA2030 போன்ற ஐந்து கால் ஐசி அடிக்கடி வரும். இலக்கம் அதன் முகத்திலேயே இருக்கும். மாற்றும்போது பலர் தவறவிடுவது அதன் உலோக முதுகு. TDA2030இன் முதுகு உள்ளே 3ஆம் காலோடு, அதாவது மறை வோல்ற்றோடு, இணைந்தது. அதற்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையில் மைக்காத் தாளோ ரப்பர் தாளோ இருந்தால், அதையும் ஆணியின் பிளாஸ்டிக் வளையத்தையும் திரும்பப் போடாவிட்டால் தகடு வழியாக ஷோட் ஆகும். வெப்பப் பசையையும் மெல்லிதாகப் பூசுங்கள். முடித்தபின் ஸ்பீக்கர் இல்லாமல், குமிழோடு போட்டு, ஸ்பீக்கர் வயர்களுக்கு இடையில் டிசி வோல்ற் அளந்து பாருங்கள். 0.05 வோல்ற்றுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம். ஒரு வோல்ற்றுக்கு மேல் இருந்தால் இணைக்காதீர்கள்.

நம்முடைய பக்கத்துக்கே உரிய தொல்லைகள்

கிரவல் வீதித் தூசி ஜாக்குக்குள்ளும் திருகிக்குள்ளும் போகும். துணி போட்டு மூடுங்கள். ஓடும்போது துணியை எடுத்துவிடுங்கள். நீண்ட நாள் பாவிக்காத அம்பில் குளவி மண் கூடு கட்டும். ஜாக்கின் ஓட்டையும் அதற்கு ஏற்ற அளவு. பிளக்கை அழுத்திக் குத்தினால் மண் தகட்டை வளைத்துவிடும்; முதலில் குச்சியால் எடுத்துவிட்டு ரோச் அடித்துப் பாருங்கள். பல்லி எச்சமும் எறும்பும் போட்டில் உப்புப்போல் படிந்தால், ஈரமான மாரி நாட்களில் அது மின்சாரம் கடத்தும். ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பிரஷும் போதும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் சுவிச்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். மின் தடைப்பட்டாலும் கழற்றுங்கள், திரும்பி வரும்போது வருகிற ஏற்றம் பொல்லாதது. ஜெனரேற்றர் என்றால், அது சீராக ஓடத் தொடங்கி லைற்றுகள் போட்ட பிறகு அம்பைப் போடுங்கள். ஜெனரேற்றரை நிறுத்தும் முன் அம்பைக் கழற்றுங்கள்.

கடைக்குக் கொடுப்பதானால்

ரான்ஸ்போமர் கருகிய மணம், உரிந்த செம்புத் தடம், ஐசி மாற்றியும் திரும்பப் போகிற பியூஸ், இவற்றில் ஒன்று வந்தால் நிறுத்திக்கொண்டு அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது நீங்கள் பார்த்ததை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: ஆக்ஸில் பாட்டு வருகிறதா, ஹெட்போனில் கேட்கிறதா, குமிழ் எப்படி எரிந்தது, எந்தப் பாகத்தை மாற்றினீர்கள். கழற்றிய பழைய பாகத்தையும் ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அதன் இலக்கம் தெரியாமல் புதியது தேட முடியாது.